யாருடைய பன்னிரண்டு மணி

யுகெத் லம்பேருக்குச் சம்பளம் கொடுத்ததே, மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான். சொன்னால் சிரிப்பார்கள். அவளுடைய தங்கை ஒதில் பல தடவை சிரித்திருக்கிறாள். ஆனால் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடுகளின் மன்றம் கூடுகிற அந்தப் பெரிய கட்டடத்துக்குள் இது விளையாட்டு வேலை இல்லை. இருபத்தேழு நாடுகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆமாம் சொல்லி முடிப்பதற்குள், மருந்துக்குக் காத்திருக்கிற நோயாளிக்குப் பேரன் பிறந்துவிடுவான். அதனால் அங்கே வெகுகாலமாக ஒரு வழக்கம் உண்டு. பேசித் தீர்த்த வரைவை எல்லா நாட்டுக்கும் அனுப்புவார்கள். இன்ன தேதி, இன்ன மணிக்குள் யாரும் மறுப்பு எழுதவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். மௌன முறை என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு நாடு ஒரே ஒரு வரி எழுதிவிட்டாலும் மௌனம் கலைந்தது. வரைவு மறுபடி மேசைக்கு வந்துவிடும்.

பொதுச் சுகாதாரக் குழுவுக்கு அந்த மௌனக் கடிதங்களை அனுப்புவதும், கெடு முடியும்வரை மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதும், முடிந்ததும் "குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுப்பு எதுவும் வரவில்லை" என்று முடிவுக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவதும் யுகெத்தின் வேலை. பதினைந்து நாடுகளாக இருந்தபோது சேர்ந்தாள். எண்ணிக்கை இருபத்தெட்டு வரை ஏறியது, ஒன்று கோபித்துக்கொண்டு போனது, இப்போது இருபத்தேழு. அவள் நாற்காலி மட்டும் மாறவில்லை. சிகரெட் பெட்டி மேல் அச்சடிக்கிற பயங்கரப் படத்திலிருந்து, எல்லை தாண்டிப் போகிற நோயாளிக்கு யார் பணம் கட்டுவது என்பதுவரை அவள் பெட்டி வழியாகத்தான் போயின. அதில் எதையும் அவள் முடிவு செய்ததில்லை. முடிவு ஆகிவிட்டது என்று சொல்லத்தான் அவள்.

இப்படி ஒரு வேலைக்கு அசையாமல் உட்காரத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நினைப்போம். யுகெத் அதற்கு நேர் எதிர். அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. கெடு முடிகிற நாளில் காலை ஒன்பது மணியிலிருந்தே ஐந்தாவது மாடி நடைபாதையை அளக்க ஆரம்பித்துவிடுவாள். நடந்துவிட்டு வருவாள், பெட்டியைத் திறந்து பார்ப்பாள், ஒன்றும் இல்லை, கை கழுவப் போவாள், மறுபடி வருவாள். விரல் நகம் அவளிடம் வளர்ந்து யாரும் பார்த்ததில்லை. ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு படபடப்பு நல்லதில்லை என்று டாக்டர் சொல்லி அலுத்துவிட்டார்.

அவளுக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது. மற்றக் குழுக்களில் போன மாதக் கடிதத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். யுகெத் ஒவ்வொரு தடவையும் வெறும் பக்கத்தில் முதலிலிருந்து தட்டுவாள். ஒரு காலத்தில் பழைய கடிதத்தை நகலெடுத்த ஒருத்தி மே மாதத்துக்குப் பதில் மார்ச் என்று அனுப்பி, அதை வைத்துப் பதினைந்து நாடும் ஒரு வாரம் சண்டை போட்டது அவளுக்கு மறக்கவில்லை. அதனால் கையால்தான் தட்டுவாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: இன்ன கிழமை, 12.00 மணி, பிரஸ்ஸல்ஸ் நேரம்.

ஒதில் ஐந்து வயது இளையவள். ஸ்கார்பெக் பகுதியில், டிராம் போகிற தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. நாக்கு கத்திரியைவிடக் கூர்மை. வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் முடிக்காக வந்தார்கள், மீதிப்பேர் அவள் பேச்சுக்காக வந்தார்கள். அவள் உடம்புக்குப் பிறவியிலிருந்தே ஒரு குறை: நோயோடு சண்டை போடுகிற சத்து ரத்தத்தில் ஊறாது. முப்பத்தெட்டு வயதில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை வருடத்துக்கு மூன்று தடவை நெஞ்சுச் சளியில் விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், ஊரார் தானம் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மா என்கிற தெளிநீரிலிருந்து எடுக்கிற மருந்தை ஏற்றிக்கொண்டு வருவாள். "பெட்ரோல் போடப் போறேன்" என்று கடைக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவாள்.

அந்த வருடம் பெட்ரோல் தீர ஆரம்பித்தது. தானம் குறைந்ததோ, தொற்றுக்காலம் முடிந்து தேவை கூடியதோ, ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சில நாடுகள் கிடைத்ததை வாங்கிக் கிடங்கில் பூட்டிக்கொண்டன, சில நாடுகளின் கிடங்கில் வௌவால் பறந்தது. பெல்ஜியம் இரண்டாவது வகை. ஒதிலின் மூன்று வாரம் நான்கு ஆனது, நான்கு ஐந்து ஆனது. ஐந்தாவது வாரத்தில் அவள் முகம் காகிதமாக வெளுத்துவிடும், ஆனாலும் கடையைச் சாத்தமாட்டாள்.

அதே வசந்தத்தில் இந்த விஷயம் யுகெத்தின் குழுவுக்கே வந்தது. ஆறு வாரத்துக்கு மேல் மருந்து வைத்திருக்கிற நாடு, மூன்று வாரத்துக்கும் குறைவாக வைத்திருக்கிற நாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கடன் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரைவு. வரைவு வந்த அன்றைக்கே யுகெத் தன் மேலாளரிடம் போய், என் தங்கை இந்த மருந்தில்தான் உயிர் வாழ்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. சொன்னால் இந்தக் கோப்பை அவளிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பேர்ப்பலகை வைத்து, தண்ணீர்ப் புட்டி வைத்து, பின்வரிசையில் உட்கார்ந்து, தங்கையின் உயிரை மற்றவர்கள் கமா கமாவாகப் பிரித்து மேய்வதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக அக்டோபரில் பேச்சு முடிந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மௌனக் கடிதம் போக வேண்டும், வெள்ளிக்கிழமை நண்பகல் கெடு. யுகெத் வழக்கம்போல வெறும் பக்கத்தைத் திறந்து தட்டினாள். "வெள்ளிக்கிழமை, 12.00 மணி" என்பதுவரை வந்தபோது கைபேசி அடித்தது. ஒதில்.

ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுச் சொன்னார்களாம். அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு மருந்து ஏற்ற வேண்டிய நாள். மருந்துப் பெட்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை, அன்று காலை போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்களாம். ஒதில் அதையும் கேலியாகத்தான் சொன்னாள். "ரேஷன் கடை மாதிரி ஆயிடுச்சு அக்கா. வந்தா வரும், வராட்டி இல்ல" என்றாள். ஆனால் நடுவில் இரண்டு தடவை மூச்சை நிறுத்தி எடுத்தாள். யுகெத் போனைக் காதில் வைத்துக்கொண்டே நடைபாதையை மூன்று சுற்றுச் சுற்றினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அனுப்பினாள்.

இருபத்தேழு நாட்டிலும் அந்தக் கடிதத்தைப் படித்தார்கள். ஒரு கமாவுக்காக மூன்று மணிநேரம் மல்லுக்கட்டுகிற வக்கீல்கள் படித்தார்கள். பிரஸ்ஸல்ஸ் நேரம் என்ற இரண்டு சொல் இல்லை என்பது அன்றைக்கு ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, யுகெத் கண்ணிலும் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் நடந்த நடைக்கு டிராம் தேவையில்லை, வீட்டுக்கே போயிருக்கலாம். பத்து மணிக்குப் பெட்டி காலி. பதினொன்றுக்கு ஒரு நாடு எழுதியிருந்தது; உடனே திறந்தாள், அடுத்த கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி என்று கேட்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு மேல் அவளால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு ஒன்றுக்கும் வரவில்லை. யுகெத் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் அழுதாள். சந்தோஷம்தான். திங்கட்கிழமை பெட்டிகள் கிளம்பினால் புதன்கிழமை வந்துவிடும், வியாழக்கிழமை ஒதிலுக்கு ஏறிவிடும் என்று அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு மறுப்பு வந்தது.

எந்த நாடு என்று பேர் சொல்லவேண்டாம். மேற்குக் கோடியில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நாடு. அவர்கள் கடிகாரம் பிரஸ்ஸல்ஸ் கடிகாரத்துக்கு ஒரு மணிநேரம் பின்னால் ஓடும். யுகெத் முதலில் கோபப்பட்டாள். நாற்பது நிமிடம் பிந்தி வந்து கதவைத் தட்டுகிறார்களே என்று, பிந்திவிட்டது என ஒரு வரி பதில் எழுதத் தன் கடிதத்தைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தாள். 12.00 மணி, முற்றுப்புள்ளி. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நாற்காலியோடு பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, யாரோ அவள் பெயரில் எழுதிவிட்டதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் டோர்பென் டென்மார்க்காரர், எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர். கடிதத்தைப் பார்த்தார், மறுப்பைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்துக்கொண்டார். இந்தக் கட்டடத்தில் காலங்காலமாக எல்லா மணியும் பிரஸ்ஸல்ஸ் மணிதான், அது சின்னக் குழந்தைக்கும் தெரியும், எழுதாவிட்டாலும் அதுதான் அர்த்தம் என்றார். அவர்களுக்கும் இது தெரியும், ஆகவே பிந்தியது பிந்தியதுதான் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, இருந்தாலும் முடிவுக் குறிப்பில் கையெழுத்துப் போடுவது நீங்கள், உங்களுக்குச் சரி என்று பட்டால் மூன்று மணிக்குள் போட்டுவிடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நல்ல மனிதர்கள் இப்படித்தான் பாரத்தைப் பக்கத்து ஆள் தோளுக்கு மாற்றிவிட்டுப் போவார்கள்.

ஒன்றே காலுக்கு அந்த நாட்டின் சுகாதாரப் பிரதிநிதி அன்செல்மோ தொலைபேசியில் வந்தார். வருடத்தில் பாதி நாள் பிரஸ்ஸல்ஸில் இருப்பவர், அந்த வாரம் தன் தலைநகரில் இருந்தார். யுகெத்தைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

"மேடம், எங்க மந்திரி கையெழுத்துப் போட்டப்ப இங்க மணி பதினொன்னு முப்பத்தெட்டு. உங்க கடுதாசில பன்னெண்டுன்னுதான் இருக்கு. யார் ஊர் பன்னெண்டுன்னு இல்ல."

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றாள் யுகெத்.

"எனக்குத் தெரியும். மந்திரி ஆபீசுக்குத் தெரியாது. அவங்க சுவத்துல மாட்டியிருக்குற கடிகாரத்தைத்தான் பார்ப்பாங்க. நீங்க எப்பவும் போடுவீங்க, மேடம். போடாம விட்டது நீங்கதானா, இல்ல வேற யாராவதான்னு நானே ரெண்டு தடவை பார்த்தேன்."

அப்படி என்ன மறுப்பு, ஐந்து மாதம் மேசையில் உட்கார்ந்திருந்தீர்களே என்று அவள் கேட்டாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. அன்செல்மோ சொன்னார். தலைநகரில் இருந்த மூன்று நாளில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாராம். அங்கே ஒரு வார்டு முழுக்க இதே மருந்தில் இருக்கிற பிள்ளைகள். அவர்கள் கையிருப்பு ஏழு வாரத்துக்கு. வரைவுப்படி மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் ஐந்து வாரம்கூட வராது.

"குடுக்கமாட்டோம்னு சொல்லல மேடம். திருப்பிக் குடுக்குற தேதி எங்க? கடன்னு எழுதியிருக்கு, எப்ப திரும்பும்னு எழுதல. உங்க வீட்டுக்காரங்க யாராவது அந்த வார்டுல படுத்திருந்தா இதுல நீங்க மௌனமா இருப்பீங்களா?"

திருப்பித் தருகிற தேதி வரைவில் ஒரு காலத்தில் இருந்தது யுகெத்துக்குத் தெரியும். நான்காவது கூட்டத்தில் இரண்டு நாடுகள் அதற்காக முட்டிக்கொண்டு, எல்லோருக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், தேதியையே எடுத்துவிட்டு எழுந்து போனார்கள். அவள்தான் அதை அடித்து நீக்கினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

மூன்று மணிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணிநேரம் இருந்தது. அவள் படியில் இறங்கி உணவுக்கூடம் போனாள், சூப் வாங்கினாள், ஒரு கரண்டி வைக்காமல் அப்படியே தட்டோடு திருப்பி வைத்தாள். வெளியே போய் மழையில் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். குடை எடுத்துவர ஞாபகம் இல்லை. மேலே வந்து முடிவுக் குறிப்பை எழுதினாள், நான்கே வரி. "குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுப்பு எதுவும் வரவில்லை." அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. எந்த நேரத்தைக் குறிப்பிட்டாள் அவள்? அழித்தாள். மறுபடி எழுதினாள். இதைப் போட்டு அனுப்பினால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்பதுதான் கொடுமையாக இருந்தது. டோர்பென் சரி என்றுவிட்டார். இருபத்தாறு நாடு வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நாடு முணுமுணுத்துவிட்டு அடங்கிப்போகும். வியாழக்கிழமை ஒதிலுக்கு மருந்து ஏறும்.

இரண்டே முக்காலுக்கு அவளுக்கு ஒன்று உறைத்தது. இது வேறு யாருடைய தங்கையாகவாவது இருந்திருந்தால் இந்த விஷயத்துக்கு இரண்டு நிமிடம் போதும். தப்பு என்னுடையது, மௌனம் கலைந்தது என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள். இரண்டு மணிநேரமாக அவள் நடக்கிற நடை அத்தனையும் ஒதிலுக்காக நடக்கிற நடை. அது தெரிந்த பிறகு அந்த நான்கு வரியில் கையெழுத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஐந்து மாதம் வாயைப் பூட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

கடிதத்தில் எந்த ஊர் நேரம் என்று குறிப்பிடப்படவில்லை, தவறு செயலக ஊழியரான என்னுடையது, மறுப்பு உரிய நேரத்தில் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று இருபத்தேழு நாட்டுக்கும் எழுதி அனுப்பினாள். அப்புறம் டோர்பென் அறைக்குப் போய்த் தங்கையைப் பற்றியும் சொன்னாள். வசந்தத்திலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் அவர் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கோப்பு வேறொருவர் மேசைக்குப் போனது. யுகெத்தைத் தேன் புட்டியில் என்ன எழுதி ஒட்டவேண்டும் என்று விவாதிக்கிற குழுவில் போட்டார்கள்.

புதன்கிழமை சுகாதாரக் குழு கூடித் திருப்பித் தருகிற தேதியை எழுதிச் சேர்த்தது. இரண்டு மணிநேரம்கூட ஆகவில்லை. மறுபடி மௌனம், திங்கட்கிழமை நண்பகல் வரை. நடுவில் வந்த வியாழக்கிழமை ஒதில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள், பெட்டி வரவில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளைக்கு முடிவெட்டினாள்; அவன் அவள் முகத்துக்கு நேராக இருமிக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ். திங்கட்கிழமை நண்பகலில் யாரும் வாய் திறக்கவில்லை, பெட்டிகள் கிளம்பின, வியாழக்கிழமை ஒதிலுக்கு மருந்து ஏறியது. சரியாக ஒரு வாரம் பிந்தி.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது நுரையீரலின் கீழ்ப்பாகம் இனி பழையபடி விரியாது என்றார் டாக்டர். போன வாரமே மருந்து ஏறியிருந்தால் இது வந்திருக்காதா என்று யுகெத் நான்கு விதமாகக் கேட்டுப்பார்த்தாள். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவளால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஒதில் தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கிய அன்றைக்கு யுகெத் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கட்டில் காலடியில் நின்றுகொண்டே சொன்னாள், நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டு சொல் விட்டுப்போனது, நாற்பது நிமிடம், மூன்று மணி, அந்த வார்டில் இருந்த பிள்ளைகள், தான் எழுதிய கடிதம். ஒதில் குறுக்கே பேசவில்லை. அதுவே அவளிடம் புதுசு.

"அப்ப நீ ஒரு கையெழுத்து போட்டிருந்தா எனக்கு மருந்து வந்திருக்கும்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அவங்ககிட்ட என்னைப் பத்திச் சொன்னியா? அந்த அன்செல்மோகிட்ட?"

"இல்ல. சொல்லக் கூடாது."

"அவன் தன்னோட பிள்ளைங்களப் பத்திச் சொன்னானே. அது மட்டும் சொல்லலாமா?"

இவ்வளவு நாளில் இந்தக் கோணத்தில் யுகெத் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது அவர் வேலை, இது என் வேலை என்று ஏதோ சொன்னாள். அது அவள் காதிலேயே சப்பென்று விழுந்தது.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல" என்றாள் ஒதில். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கினாள். "அந்தப் பிள்ளைங்க இடத்துல நான் இருந்தா உனக்குக் கை தட்டியிருப்பேன். ஆனா நான் அங்க இல்ல அக்கா, இங்க படுத்திருக்கேன். அதை ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? உனக்குப் பாரம் இறங்கணும்னா சர்ச்சுக்குப் போ. நான் இதை வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

போ, தூங்கணும் என்றாள். யுகெத் போனாள். டிராமில் இடம் இருந்தும் உட்காரவில்லை, தன் வீட்டு நிறுத்தத்தில் இறங்குவதற்குப் பதில் கடைசி நிறுத்தம்வரை நின்றபடியே போய், அதே வண்டியில் திரும்பி வந்தாள்.

அதற்கப்புறம் ஆறு வாரம் ஒதில் அவள் போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததைக் கடையில் கழுவித் துடைக்கிற பெண்தான் சொன்னாள். மூன்றாம் மாடி ஏற நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறாளாம். கடைக்குள்ளேயே ஒரு திரை கட்டிக் கட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாளாம். யுகெத் ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்கோரிக் கீரையின் குருத்தைப் பன்றி இறைச்சியில் சுற்றி, பாலாடைக்கட்டி தூவிச் சுட்டுக் கடைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருவாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும், சொல் எதுவும் கூட வராது. தேன் குழுவில் யாராவது வாயைத் திறந்தால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே மறுப்பு வந்தால் என்ன ஆகிவிடப் போகிறது, தேன் தேனாகவே இருக்கும் என்று டோர்பென் ஒருநாள் சிரிக்கவைக்கப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒதிலே கூப்பிட்டாள். முகமன் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவர முடியாதவர்கள் வாரம் ஒருதடவை வீட்டிலேயே வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி மருந்தை மெதுவாக இறக்கிக்கொள்ளலாம் என்று நர்ஸ் வந்து கற்றுக்கொடுத்தாளாம். எல்லாம் வந்தது, குத்துவது மட்டும் வரவில்லையாம். தன் வயிற்றை நோக்கி ஊசியைக் கொண்டுபோனால் கை அப்படியே நின்றுவிடுகிறதாம்.

"ஊரார் காது ஓரமா முப்பது வருஷம் கத்திரி ஓட்டினவ, எனக்கே ஊசி குத்தத் தெரியல. சனிக்கிழமை வந்து குத்திட்டுப் போ."

யுகெத் சரி சரி என்றாள், எத்தனை மணிக்கு என்று கேட்டாள், நர்ஸிடம் தானும் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள், பேச்சை நிறுத்தத் தெரியாமல் பேசிக்கொண்டே போனாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள் ஒதில். "இன்னும் இல்ல. எப்ப வரும்னும் தெரியாது. ஆனா மருந்து வாராவாரம் போயாகணும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யுகெத் மாடி ஏறினாள். ஒதில் சமையலறையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மேசையில் மருந்துக் குப்பி இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் வேறொரு நாட்டு மொழி. எந்த நாடு என்று யுகெத்துக்குப் பார்த்தவுடன் தெரிந்தது, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நாடு இல்லை, வேறு ஒன்று. அதை அவள் சொல்லவில்லை. நர்ஸ் சொன்னபடி இரண்டு தடவை கை கழுவினாள், மூன்றாவது தடவையும் கழுவினாள், துடைத்தாள், ஊசியை எடுத்தாள். தங்கையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள். ஊசி முனை அங்குமிங்கும் ஆடியது.

"கை நடுங்குது உனக்கு" என்றாள் ஒதில்.

"ஆமா."

"நடுங்கட்டும். குத்து."